நாய் படுத்தால் வழி அடைபடும்: சிறு டிராவல் டிரெய்லரில் நாயும் பூனையும்

[காட்சி: காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் சிறிய வெள்ளை டிரெய்லர். பிறகு அதன் உள்ளமைப்பு, மேலிருந்து பார்க்கும் வரைபடமாக.]

வணக்கம். நாயையும் பூனையையும் ஒரே வீட்டில் வளர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் இரண்டுக்கும் ஒத்துப்போகாத நேரங்களில் பூனை அடுத்த அறைக்கோ மாடிக்கோ போய்விடுகிறது, சற்று நேரத்தில் எல்லாம் ஆறிவிடுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பலர் மாதக்கணக்கில் குடியிருக்கும் சிறு டிராவல் டிரெய்லரில், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியில், அந்த அடுத்த அறை இல்லை என்பதுதான் நாம் இன்று பேசப்போகும் சிக்கலின் வேர்.

ஒரு குறிப்பிட்ட வண்டியை வைத்தே பார்ப்போம். மினசோட்டா மாநிலத்தின் பேக்கஸ் என்ற சிற்றூரில் தயாராகும் ஸ்கேம்ப் என்ற கண்ணாடியிழை டிரெய்லரின் 16 அடி வகை, காரோடு இணைக்கும் முன்பகுதியையும் சேர்த்தே 16 அடி நீளமும், 6 அடி 8 அங்குல அகலமும் உடையது. அதன் ஒரு வடிவமைப்பில் முன்கோடியில் குளியலறை, நடுவில் ஒரு பக்கம் சமையல் மேடை, பின்கோடியில் இரவில் படுக்கையாக மாறும் உணவு மேசையும் அதன் இருபுற இருக்கைகளும் இருக்கின்றன. இவற்றை இணைப்பது ஒருவர் நடக்கும் அளவிலான ஒரே நடைபாதை.

[காட்சி: வரைபடத்தின் நடைபாதையில் ஒரு லாப்ரடாரின் உருவம் படுக்கிறது. படுக்கைக்கும் குளியலறைக்கும் இடையிலான கோடு அறுபடுகிறது.]

அந்த நடைபாதையில் ஒரு லாப்ரடார் காலை நீட்டிப் படுத்துவிட்டால், படுக்கையில் இருக்கும் பூனைக்குக் குளியலறையில் இருக்கும் லிட்டர் பெட்டி, அதாவது பூனை கழிவு கழிக்க மண் நிரப்பி வைக்கும் பெட்டி, எட்டாத இடமாகிவிடுகிறது. நாய் உறுமவும் இல்லை, துரத்தவும் இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறது. ஆனால் பூனை அதைத் தாண்டிப் போகத் துணியாமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு காத்திருக்கிறது, அல்லது மெத்தையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. உரிமையாளரோ பூனைக்குத் திமிர் என்று நினைத்துக்கொள்கிறார். எனவே டிரெய்லரில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, இரண்டுக்கும் பிடித்துப்போயிற்றா என்பதல்ல. பூனை படுக்கும் இடத்திலிருந்து சாப்பாட்டுக்கும், அங்கிருந்து லிட்டர் பெட்டிக்கும், நாயின் மூக்குக்கு முன்னால் போகாமல் போய்வர முடிகிறதா என்பதுதான்.

பூனையின் நிம்மதியை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உறவு நன்றாக அமைவதைப் பெரிதும் தீர்மானிப்பது நாயருகே பூனை எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்பதே என்று கண்டார்கள். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் அறிமுகமானால், அதிலும் பூனை முதலில் வீட்டுக்கு வந்திருந்தால், நட்பு அமையும் வாய்ப்பு கூடுகிறது என்று காட்டியது. உங்கள் வீட்டில் வயதும் வரிசையும் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். இடத்தை அமைப்பது மட்டும் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

[காட்சி: பக்கவாட்டுத் தோற்றம். சமையல் மேடை, அதற்கு மேல் சாளரம், சாளரத்துக்கு மேல் ஒரு பலகை.]

தரையை நாய்க்கு விட்டுவிடுங்கள். பூனைக்கு உயரத்தைக் கொடுங்கள். சமையல் மேடையிலிருந்து சாளரத்துக்கு மேல் ஒரு பலகைக்கும், அங்கிருந்து படுக்கைக்கும் தாவ முடிந்தால், பூனை தரையைத் தொடாமலே வண்டியின் பாதி நீளத்தைக் கடந்துவிடும். பலகையைச் சுவரின் மெல்லிய ஓட்டில் முடுக்காமல் அலமாரியின் சட்டத்தோடு பிணைக்க வேண்டும், ஏனென்றால் நான்கைந்து கிலோ எடையுள்ள பூனை தாவி இறங்கும்போது பலகை தாங்க வேண்டிய விசை அந்த எடையைவிடப் பல மடங்கு. பலகையின் மேல் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றை ஒட்டிவிடுங்கள், ஒருமுறை சறுக்கிய பலகையில் பூனை மறுபடி கால்வைக்கத் தயங்கும். மேலே ஏற ஒரு வழியும் இறங்க வேறொரு வழியும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே வழி இருந்தால், நாய் அதன் கீழே உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கும். பூனை சமையல் மேடையில் நடக்கும் என்பதால் அடுப்புக்கு மூடி போடுவது கட்டாயம்.

அடுத்தது லிட்டர் பெட்டி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் டிரெய்லரில் வரும் சச்சரவுகளில் பெரும்பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. பூனையின் கழிவை நாய் தின்னும். புரதமும் கொழுப்பும் மிகுந்த பூனை உணவின் வாடை அதில் இருப்பதால் எவ்வளவு நல்ல நாயும் விட்டுவைக்காது. இதைத் தடுக்க மூடிய பெட்டி வாங்கினால், ஒரே வாசல் உள்ள அந்தப் பெட்டி பூனைக்குப் பொறியாகிவிடுகிறது. உள்ளே போன பூனை வெளியே வரும்போது நாய் வாசலில் நின்றுகொண்டிருந்தால், மறுநாளிலிருந்து அது பெட்டியைத் தவிர்க்கத் தொடங்கும்.

[காட்சி: இருக்கையின் மெத்தை தூக்கப்படுகிறது. உள்ளே வெற்றிடம். மரப்பலகையில் பென்சிலால் வரைந்த வட்டம்.]

உணவு மேசையின் இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டி இதற்கு நல்ல விடை தருகிறது. தண்ணீர்த் தொட்டியோ மின் இணைப்புகளோ இல்லாத பக்கத்து இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். நடைபாதையைப் பார்க்கும் முனையில் ஏறத்தாழ 7 அங்குல விட்டத்தில் ஒரு துளையும், மேசைக்கு அடியைப் பார்க்கும் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு துளையும் வெட்டுங்கள். விளிம்புகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்து மழுங்கவைத்த பின், மண் சிதறாமலிருக்க உள்ளே ஒரு கம்பளத் துண்டை விரியுங்கள். லாப்ரடாரின் முகவாய் அந்தத் துளைக்குள் நுழையும், தோள் நுழையாது. ஆகவே லிட்டர் தட்டை இரண்டு துளைகளிலிருந்தும் தள்ளி, உள்கோடியில் வைத்துவிட்டால் அதன் வாய்க்கு எட்டாது. பூனை ஒரு வாசலில் நாயின் காலைக் கண்டால் மறுவாசல் வழியாக வெளியேறும். இரவில் மேசையை இறக்கிப் படுக்கையாக்கிய பிறகும் இரண்டு வாசல்களும் திறந்தே இருக்கும். சுத்தம் செய்ய மெத்தையையும் பலகையையும் தூக்கினால் போதும். நீங்கள் தூங்குவது அதற்கு மேல்தான் என்பதால் காலையும் மாலையும் அள்ளியாக வேண்டும். கணினியில் பயன்படும் 12 வோல்ட் சிறு விசிறி ஒன்று வாடையை வெளியே தள்ளும். உங்களுடையது டாஷ்ஹண்ட் போன்ற சிறிய நாய் என்றால் இந்த முறை உதவாது. மேற்புறம் வாசல் உள்ள பெட்டியைக் குளியலறையில் வைத்து, பூனை மட்டும் நுழையும் இடைவெளி விட்டுக் கதவைக் கொக்கியால் நிறுத்துவதுதான் வழி. அள்ளிய லிட்டரை டிரெய்லரின் கழிவுத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் பட்டதும் கட்டியாகும் அந்தக் களிமண், தொட்டியின் குழாயை அடைத்துவிடும்.

[காட்சி: கம்பித் தடுப்பின் ஒருபுறம் நாய், மறுபுறம் பூனை. இரண்டும் தத்தம் கிண்ணத்தில் சாப்பிடுகின்றன.]

இன்னும் பழகாத நாயையும் பூனையையும் டிரெய்லரில் வைத்து அறிமுகப்படுத்தாதீர்கள். அதை வீட்டிலேயே, வாரக்கணக்கில், அவசரமின்றிச் செய்ய வேண்டும். முதலில் ஒன்றின் படுக்கைத் துணியை மற்றதன் இடத்தில் போட்டு வாடையைப் பழக்கி, பிறகு தடுப்புக்கு இருபுறமும் உணவு வைத்து, அதன் பிறகே நாயை லீஷில், அதாவது கழுத்துப்பட்டையில் மாட்டும் வாரில், பிடித்தபடி ஒரே அறையில் விட வேண்டும். இந்த நாட்களில் நாயைக் கவனியுங்கள். குரைத்துக் குதித்து வாலாட்டும் நாயைவிட, வாயை மூடி, உடலை விறைத்து, கண் இமைக்காமல் பூனையையே பார்த்துக்கொண்டிருக்கும் நாய்தான் ஆபத்தானது. முதலாவது விளையாட அழைத்துக்கொண்டிருக்கலாம், இரண்டாவது வேட்டைக்குத் தயாராகிறது. பெயர் சொல்லி அழைத்தாலும், மூக்கருகே இறைச்சித் துண்டை நீட்டினாலும் அந்தப் பார்வை விலகவில்லை என்றால், அந்த நாயைப் பூனையோடு 16 அடி வண்டியில் ஏற்றக் கூடாது என்பதே என் முடிவு. வேட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட கிரேஹவுண்ட், டெரியர் இனங்களில் இதைக் கூடுதலாக எதிர்பார்க்கலாம். பூனையைச் சாந்தப்படுத்தும் ஃபெலிவே போன்ற பெரோமோன் (பூனைகள் விட்டுவைக்கும் வாடையைப் போன்ற பொருள்) கருவிகளைப் பலர் கேட்கிறார்கள். அவை சில பூனைகளுக்கு உதவலாம், ஆனால் பூனை போய்வர வழி அமையாத டிரெய்லரில் அவை வெறும் காசுச் செலவுதான்.

நாய்க்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: தன் விரிப்பில் போய்ப் படுப்பது. விரிப்பை நடைபாதையில் போடாமல், மேசைக்கு எதிரிலோ கதவோரமோ போட்டு, அங்கே படுக்கும்போதெல்லாம் தின்பண்டம் கொடுத்துப் பழக்கிவிட்டால், வழி தானாகத் திறந்துவிடும். காலையில் நன்றாக நடந்து களைத்துவந்த நாய் அந்த விரிப்பில் மனமுவந்து கிடக்கும்.

சாப்பாட்டை நேரம் பிரித்து வையுங்கள், பூனையின் கிண்ணம் மேடை மேலேயே இருக்கட்டும். நாய் பூனை உணவைத் தின்றால் கொழுக்கும். பூனை நாய் உணவையே தின்று வாழ்ந்தால் அதன் இதயமும் கண்ணும் கெடும், ஏனென்றால் டாரின் என்ற அமினோ அமிலத்தை நாயின் உடல் தானே உருவாக்கிக்கொள்ளும், பூனையின் உடலால் தேவையான அளவு உருவாக்க முடியாது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று நாயின் முதுகிலேயே இருக்கிறது. நாய்களின் உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் தோலில் விடும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் உள்ளது. நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் போதுமான வேகத்தில் சிதைக்க முடிவதில்லை, நடுக்கமும் வலிப்பும் வந்து இறந்தே போகலாம். ஒரே மெத்தையில் இரண்டும் உரசிப் படுக்கும் வண்டியில் அந்த மருந்துக்கு இடமே இல்லை. இரண்டுக்கும் பொருந்தும் மாற்று மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

[காட்சி: காரின் பின்னிருக்கை. ஒருபுறம் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸ் அணிந்த நாய், மறுபுறம் துணி மூடிய பூனைக் கூடை.]

வண்டி ஓடும்போது எந்தப் பிராணியும் டிரெய்லருக்குள் இருக்கக் கூடாது. அங்கே இருக்கைப் பட்டை கிடையாது, திடீரென்று பிரேக் போட்டால் அலமாரிகள் திறந்து சாமான்கள் பறக்கும், வெப்பத்தைக் கவனிக்க ஆளும் இல்லை. இரண்டும் உங்களோடு காரில் வர வேண்டும். நாயை ஹார்னஸில் பிணையுங்கள், பூனைக் கூடையை அசையாமல் கட்டி, நாயின் முகம் தெரியாதபடி மெல்லிய துணியால் மூடுங்கள். போய்ச் சேர்ந்ததும் பூனையை முதலில் டிரெய்லரில் விட்டு, அது தன் உயரமான இடத்தில் உட்கார்ந்த பிறகே நாயை உள்ளே விடுங்கள். சாளரத்துக்கு வெளியே இருக்கும் ஊர் மாறிக்கொண்டே இருந்தாலும், பலகையும் கிண்ணமும் பழைய இடத்தில் இருந்து, கன்னத்தைத் தேய்த்துத் தான் விட்டுவைத்த வாடையும் அப்படியே இருந்தால் பூனை அதைத் தன் வீடாகவே ஏற்றுக்கொள்ளும். அதனால் எல்லாப் போர்வைகளையும் ஒரே நாளில் துவைத்துவிடாதீர்கள்.

சுவர் வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும் ஸ்லைடு-அவுட் உள்ள டிரெய்லர் என்றால், பொத்தானை அழுத்துவதற்கு முன் நாயும் பூனையும் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். அதன் அடியிலும் பின்னாலும் உள்ள இடுக்கு பூனைக்கு மிகவும் பிடித்த ஒளிவிடம், அசையும்போது நசுக்கிக் கொல்லக்கூடிய இடமும் அதுவே. சமையல் தொட்டிக்குக் கீழே குழாய் போகும் ஓட்டைகளையும் கம்பி வலையால் அடைத்துவிடுங்கள். வண்டிக்கு இருப்பது ஒரே கதவு என்பதால், நாய்க்கு லீஷ் மாட்டிய பிறகு, பூனை மேலே இருப்பதைப் பார்த்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும்.

இரண்டையும் தனியே விட்டுவிட்டு வெளியே போகலாமா என்ற கேள்வி, அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குப் போகும்போது தவறாமல் எழும். அங்கே வளர்ப்புப் பிராணியை 6 அடிக்கு மேற்படாத லீஷில்தான் பிடிக்க வேண்டும். யெல்லோஸ்டோன் பூங்காவில் சாலை, வாகன நிறுத்தம், முகாம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் கொண்டுபோகவே கூடாது, வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றியுள்ள மரப்பலகைப் பாதைகளுக்கும் அனுமதியில்லை. நாயைத் தனியே விடுவதானால் கூண்டில் விடுங்கள், பூனை கூண்டுக்கு வெளியே, டிரெய்லருக்குள் உலவட்டும். எவ்வளவு நாள் பழகியிருந்தாலும், வெளியே ஒரு அந்நிய நாய் குரைத்த வெறியில் பக்கத்தில் இருப்பதன் மேல் பாயும் குணம் இரண்டுக்குமே உண்டு.

வெப்பம் இன்னொரு கவலை. 30 ஆம்பியர் மின்னிணைப்பில் ஏசியோடு மைக்ரோவேவும் வெந்நீர்க் கருவியும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் டிரிப் ஆகி மின்சாரம் துண்டிக்கப்படும், நீங்கள் அருகில் இல்லாவிட்டால் ஏசி நின்றது தெரியாது. உள்வெப்பம் ஏறினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி, கைபேசி அலை கிடைக்கும் இடங்களில், செலவழித்து வாங்கத் தகுந்தது. காரில் விட்டுப் போவதோ வேண்டவே வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, வெளியே 72 பாகை ஃபாரன்ஹீட் (சுமார் 22 செல்சியஸ்) மட்டுமே உள்ள நாளிலும் மூடிய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் சுமார் 40 பாகை ஃபாரன்ஹீட் (22 செல்சியஸ்) ஏறுகிறது, அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே.

[காட்சி: பூனை லிட்டர் தட்டில் குந்தியிருக்கிறது. நேரம் நகர்வதைக் காட்டும் கடிகாரம்.]

எல்லாம் சரியாக அமைந்ததாகத் தோன்றினாலும், முதல் சில வாரங்களில் பூனை எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருங்கள். மன அழுத்தம் பூனைகளின் சிறுநீர்ப்பையை வீங்கவைக்கும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. ஆண் பூனையாக இருந்தால் அதன் குறுகிய சிறுநீர்க்குழாய் முழுவதுமாக அடைபட்டுப்போகலாம். தட்டில் மீண்டும் மீண்டும் குந்தியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால், அது மலச்சிக்கல் என்று விட்டுவிடக் கூடாது. ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் அவசரநிலை அது. சாப்பிடாமலே ஒரு நாளைக் கடத்திவிட்ட பூனையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனெனில் பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு தேங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு முகாமுக்கும் கிளம்பும் முன், வழியில் அலை கிடைக்காமல் போவதற்குள், அங்கிருந்து மிக அருகில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, எத்தனை மைல் தொலைவு என்பதைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.