டகோட்டாவின் சத்தம்

வணக்கம். சேலம் சூரமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இன்றைக்கு நான் பேசப்போவது டகோட்டா என்கிற ஒரு பழைய விமானத்தின் இன்ஜினைப் பற்றி.

2024 அக்டோபர் 6, விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காக மெரினாவில் வான்சாகசம். முதல் நாள் ராத்திரியே பட்டறைப் பையனைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன். கடற்கரையில் சொல்லி மாளாத கூட்டம், கொளுத்துகிற வெயில், அன்றைக்கு ஐந்து பேர் உயிர் போனதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

ரஃபேல் வந்தபோது பையன் துள்ளிக் குதித்தான். நான் காத்திருந்தது டகோட்டாவுக்கு. ஜெட் தலையைத் தாண்டின பிறகுதான் சத்தம் வந்து விழும், டகோட்டா அப்படியில்லை, தூரத்திலிருந்தே கடகடவென்று சீரான ஒரு தாளம் கேட்டுக்கொண்டே வரும். ஒவ்வொரு இன்ஜினிலும் 14 சிலிண்டர், 1200 குதிரைத்திறன், அப்படி இரண்டு.

1947 காஷ்மீர் போரில், அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமென்ட் வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியது டகோட்டாக்கள்தான். அன்றைக்கு முதலில் இறங்கியதன் எண் வி.பி. 905. இப்போது பறப்பது அதே விமானம் இல்லை, ஆனால் அதே எண்ணைத் தாங்கியிருக்கிறது. அயர்லாந்தில் பழைய இரும்பாகக் கிடந்ததை அப்போது எம்.பி.யாக இருந்த ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, இங்கிலாந்தில் சரிசெய்து, விமானப்படைக்குக் கொடுத்தார். அவருடைய அப்பா டகோட்டா ஓட்டிய விமானி. 2018இல் அது இங்கிலாந்திலிருந்து பறந்தே இந்தியா வந்து சேர்ந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்காமல் பறக்கவிட்டார்களே, அதுதான் பெரிய காரியம்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் ஏழு ஏழாக இரண்டு வரிசையில், வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வட்டமாக நிற்கும். சும்மா நிறுத்தி வைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கிக் கீழ் சிலிண்டர்களில் தேங்கிவிடும். தெரியாமல் ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டனால் எண்ணெயை அமுக்க முடியாது, பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் புரொப்பல்லரை முதலில் கையால் சுற்றிப் பார்ப்பார்கள், எங்கேயாவது முட்டி நின்றால் பலவந்தம் பண்ணாமல், கீழே இருக்கிற ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடியவிடுவார்கள். எங்கே முட்டுகிறது என்பது கைக்குத்தான் தெரியும். விமானம் பறந்துகொண்டிருந்தால்தான் அந்தக் கைக்கும் வேலை இருக்கும், அடுத்த ஆளுக்கும் சொல்லிக்கொடுக்க முடியும்.

திரும்பி வரும்போது ரயிலில் இதைப் பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ராடு வளைஞ்சிட்டா இப்போ யாருண்ணா செஞ்சு தருவாங்க?" என்று கேட்டான். அதில் ஒரு வரிசைக்கு ஒரே ஒரு மாஸ்டர் ராடுதான், மற்ற ஆறு ராடுகளும் அதில்தான் கோத்திருக்கும், அந்த ஒன்றின் அளவு பிசகினால் ஏழும் போச்சு. ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன். ஜோலார்பேட்டை தாண்டியும் முடியவில்லை.