பூஜ்ய வரியும் டையிங் செலானும்

(திருப்பூரில் பின்னலாடைச் சிறு உற்பத்தியாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, மாவட்டத் தொழில் மையத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே, ஏற்றுமதியாளர் சங்கப் பெரியவர்களே, ஷிப்பிங் சீசனிலும் மண்டபத்தைத் திறந்து கொடுத்த உரிமையாளர் அவர்களே, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எனக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்யும் அண்ணன்மார்களே, பவர் டேபிளிலிருந்து நேராக வந்திருக்கும் அக்கா தங்கைகளே, வணக்கம். தலைவர் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். அவருக்கு என் நன்றி.

மூன்று விஷயம் குறித்து வந்திருக்கிறேன்: நாடுகள் போடும் வர்த்தக ஒப்பந்தம், அதில் வரும் பிறப்பிட விதி (பொருள் எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் விதி), டாலர் ஏற்ற இறக்கம். மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

1974 முதல் 2004 முடிய ஆயத்த ஆடைக்குக் கோட்டா, அதாவது அளவுக் கட்டுப்பாடு, இருந்தது. எந்த நாடு எத்தனை பீஸ் அனுப்பலாம் என்பதுதான் அன்றைய பேச்சு. 2005 ஜனவரி 1-ல் கோட்டா போனது. யாருக்கு எவ்வளவு வரி என்ற பேச்சு வந்தது. வங்கதேசம் 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியில்லாமல் போகிறது. 2011-லிருந்து அவர்களுக்கு இன்னொரு சலுகை: துணி எங்கே நெய்ததானாலும், அங்கே தைத்தால் போதும். நம் நூலும் அங்கே போய் டி-சர்ட்டாகி வரியில்லாமல் கப்பல் ஏறுகிறது. நமக்கும் அமீரகத்தோடு 2022 மே 1-ல், ஆஸ்திரேலியாவோடு அதே வருஷம் டிசம்பர் 29-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது. கதவு திறந்தாலும் காவலாளி கணக்குக் கேட்பார்.

இங்கே ஒரு கோழிக் கதை சொல்ல வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க உறைகோழி மேற்கு ஜெர்மனியில் மலிவாக வந்து குவிந்தது. ஐரோப்பியர்கள் கோழிக்கு வரியை ஏற்றினார்கள். பதிலடியாக அமெரிக்கா பிராந்திக்கும் உருளைக்கிழங்கு மாவுக்கும் சிறிய சரக்கு வண்டிக்கும் வரி போட்டது. வண்டிக்கு 25 சதவீதம். கோழிச் சண்டையை எல்லோரும் மறந்தார்கள். வண்டி வரி மட்டும் நிலைத்துவிட்டது. பிற்பாடு ஃபோர்டு நிறுவனம் துருக்கியில் செய்த சரக்கு வேனைப் பின்சீட்டு மாட்டி, ஜன்னல் வைத்து, பயணிகள் வண்டியாக இறக்கியது. அதற்கு அப்போது வரி 2.5 சதவீதம்தான். பால்டிமோர் துறைமுகத்தில் சுங்கம் தாண்டியதும் சீட்டைக் கழற்றுவார்கள், கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகடு அடிப்பார்கள். 2013-ல் சுங்கத்துறை அதைப் பயணிகள் வண்டியாக ஏற்க மறுத்தது. ஃபோர்டு கோர்ட்டுக்குப் போனது. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தது, 2019-ல் மேல்முறையீட்டில் தோற்றது, 2024-ல் 36.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அவ்வளவு பெரிய கம்பெனியையே பொருளைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். நம் கார்ட்டனை விடுவார்களா?

இனி நம் கணக்கு. ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு நாம் போட்ட ஒப்பந்தத்தில், வரிச் சலுகை வேண்டுமானால், எஃப்ஓபி விலையில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) குறைந்தது 35 சதவீதம் உள்ளூர் மதிப்பாக இருக்க வேண்டும், இறக்குமதிப் பொருளின் ஆறு இலக்க எச்எஸ் கோடும் (சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண்) மாற வேண்டும். எஃப்ஓபி 400 ரூபாய். சீனத் துணியும் ஜிப்பும் 280 என்றால் மிச்சம் 120, அதாவது 30 சதவீதம். சலுகை கிடையாது. 260-க்குள் இறக்குமதியை நிறுத்தினால் தேறும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னது இதற்குத்தான். அளப்பது ஆர்டர் எடுக்கும்போதே நடக்க வேண்டும், கார்ட்டன் கட்டிய பிறகு அல்ல.

கோடு தவறுவது அதைவிட அதிகம். பருத்தி டி-சர்ட் 610910. பையர், அதாவது வாங்கும் வெளிநாட்டுக்காரர், கலவையை மாற்றி, எடையில் பருத்தியைவிடப் பாலியஸ்டர் கூடினால் 610990. பழைய இன்வாய்ஸைக் காப்பி அடித்தால், சான்றில் ஒரு எண், லேபிளில் வேறு சரக்கு. அடுத்தது கொழும்பு. தூத்துக்குடிச் சரக்கு அங்கே கப்பல் மாறினால், புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம் வரை ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) கையில் இருக்கட்டும். நடுவில் சரக்கு சுங்கக் கட்டுப்பாட்டை விட்டு வெளியே போனால் சலுகை போகும்.

சிஓஓ என்ற பிறப்பிடச் சான்றில் கையெழுத்துப் போடுவது ஏற்றுமதியாளர். அதன் ஆதாரம் இருப்பது ஜாப் ஒர்க்காரர் மேஜையில். நூல் பில் ஸ்பின்னிங் மில்லோடு நின்றுவிடுகிறது. நிட்டிங் செலானில் (சரக்கோடு போகும் சீட்டு) எடை இருக்கிறது, எந்த நூல் என்று காட்டும் லாட் நம்பர் இல்லை. டையிங்குக்கு 500 கிலோ போய் 465 கிலோ திரும்பினால், அந்த 35 கிலோ கழிவு எங்கும் எழுதப்படுவதில்லை. இரண்டு வருஷம் கழித்து வெளிநாட்டுச் சுங்கம் சரிபார்ப்புக் கேள்வி அனுப்பினால், விடுபட்ட வரியைப் பையர் கட்டுவார், நம் பில்லில் கழிப்பார்.

அதனால் சங்கத்திடம் என் கோரிக்கை: எல்லா ஜாப் ஒர்க் செலானிலும் நூல் லாட் நம்பர், உள்ளே வந்த எடை, வெளியே போன எடை என மூன்று கட்டம் அச்சடியுங்கள். பத்து மெஷின் வைத்திருப்பவர் தனி ஆள் போட முடியாது. அவருக்காகச் சங்க அலுவலகத்தில் ஒரு பிறப்பிடக் கணக்கு மேஜை போடுங்கள். செலான்களை ஸ்கேன் செய்து ஐந்து வருஷம் வைத்திருக்கட்டும். ஆற்றில் போடுவதை அளக்கக் கூலி கேட்பவர் உண்டு. அந்தக் கூலியை ஏற்றுமதியாளர் தர வேண்டும், சலுகை அவருக்குத்தானே வருகிறது.

டாலர் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். செலான் மாதிரி ஒன்று வாசல் மேஜையில் இருக்கிறது. டையிங் யூனிட்காரர்கள் முதலில் பார்த்து, எந்தக் கட்டம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று பென்சிலால் குறித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.