கை வேலையைக் கண்ணால் படிக்க

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். மேஜிக் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேசலாம், ஆனால் எந்த வித்தையின் ரகசியத்தையும் உடைக்க மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பேச வந்தது மேஜிக் செய்கிறவர்களுக்காகவே வருகிற வீடியோ இதழ்களைப் பற்றி. கேசட்டில் வந்தது, அப்புறம் டிவிடியில் வந்தது, இப்போது சந்தா கட்டினால் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மேஜிக்காரர்களுக்கென்று தனியாக இதழ் நடத்துவது பழைய வழக்கம். அமெரிக்காவில் 'ஸ்பிங்க்ஸ்' என்ற இதழ் 1902இல் தொடங்கி 1953 வரை வந்தது. 1936இல் தொடங்கிய 'ஜீனி' இன்றும் வருகிறது. இவற்றில் ஒரு வித்தையை எழுத்தாலும் கோட்டுப் படத்தாலும் விளக்குவார்கள். காசை இந்த இரண்டு விரலில் பிடி, மறு கை பக்கத்தில் வரும்போது பார்வையைத் திருப்பு என்று எழுதியிருக்கும். சரி, ஆனால் எவ்வளவு வேகத்தில்? பார்வை முதலில் போக வேண்டுமா, கை முதலில் போக வேண்டுமா, தோள் அசையலாமா? படித்துப் படித்துக் கண்ணாடி முன்னால் நின்று நாமே ஊகிக்க வேண்டியதுதான். பக்கத்தில் குரு இருக்கிறவர்களுக்குப் பரவாயில்லை. அரூரிலோ பாலக்கோட்டிலோ தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்கிற பையனுக்கு யார் இருக்கிறார்கள்? வீடியோ இதழ் அவனுக்காக வந்த பொருள் என்றே நான் நினைக்கிறேன்.

அதுவும் லேசில் கையில் சிக்கவில்லை. அமெரிக்க கேசட் என்டிஎஸ்சி (NTSC) என்ற அவர்கள் ஊர் டிவி முறையில் பதிவானது, நம் ஊர் டெக்கும் டிவியும் பால் (PAL) என்ற வேறு முறை, ஆகவே போட்டால் படம் உருளும், இல்லையென்றால் கறுப்பு வெள்ளையில் தெரியும். டிவிடி வந்தபோது மண்டலக் குறியீடு என்று ஒன்று வந்தது, ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்து பிளேயரில் ஓடாதபடி போடுகிற பூட்டு அது. அமெரிக்காவுக்கு 1, நமக்கு 5. அந்தப் பூட்டு போடாத டிஸ்க்காகப் பார்த்து வாங்க வேண்டும். அங்கே கோஸ்மோ என்ற மேஜிக் கலைஞர் நடத்திய 'ரீல் மேஜிக்' டிவிடியாகவே வந்த இதழ். ஒரு கலைஞரின் நீண்ட பேட்டி, சொல்லித்தரும் பகுதிகள், சந்தைக்கு வந்த புதுப் பொருள்களின் விமர்சனம் எல்லாம் அதில் இருக்கும். வாங்குகிற பலர் வித்தையைப் பார்த்துவிட்டு மற்றதை ஓட்டிவிடுவார்கள். எனக்கு அந்தப் பேட்டிதான் பெரிது. கூட்டம் கவனிக்காதபோது என்ன செய்தாய், ஒரு வித்தையை ஏன் கைவிட்டாய் என்று தொழில் தெரிந்தவரே தொழில் தெரிந்தவரைக் கேட்கிறார், அதற்கு விலை சொல்ல முடியாது. விமர்சனமும் வேண்டும், ஏனென்றால் விளம்பரத்தில் பளபளக்கிற பெட்டி வீட்டுக்கு வரும்போது சின்ன பிளாஸ்டிக் துண்டாக இருக்கும்.

நல்ல இதழை எப்படிக் கண்டுபிடிப்பது? கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சொல்லித்தருகிறவர் நம்மைப் பார்த்து நின்றால் அவருடைய வலது கை நமக்கு இடப்பக்கம் தெரியும், அப்படியே பார்த்துச் செய்தால் கை மாறிப் பழகிவிடும். அக்கறையுள்ளவர்கள் அதே அசைவை அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, இன்னொரு தடவை காட்டுவார்கள். முதலில் மெதுவாக, பிறகு மேடை வேகத்தில்.

ஒரு கெடுதலும் உண்டு. பார்க்கிறவன் வித்தையோடு ஆளையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறான். அதே நிறுத்தம், அதே சிரிப்பு, லாஸ் வேகாஸ் நகைச்சுவையின் தமிழாக்கம். காரிமங்கலம் பள்ளி ஆண்டு விழாவில் அதைச் சொன்னால் ஒரு பிள்ளையும் சிரிக்காது. என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்பேன். கை என்ன செய்கிறது என்பது மனதில் நின்ற பிறகு, பேச்சை அவரவர் வீட்டுப் பேச்சிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆங்கிள். வெளிநாட்டு இதழில் மேஜை இருக்கிறது, எதிரே நான்கு பேர் நாற்காலியில் இருக்கிறார்கள். நம் அரசுப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் மூன்று பக்கமும் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார்கள், நான்கு பையன்கள் வராண்டா சுவரில் ஏறி முதுகுக்குப் பின்னாலிருந்தும் பார்ப்பார்கள். மேஜைக்குப் பழகிய வித்தையில் பாதி அங்கே செத்துவிடும்.

இந்தச் சிக்கலை நம் செப்படி வித்தைக்காரர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கமே. சந்தையில் வெறும் தரையில் குந்தி, சுற்றிலும் ஆள் நிற்க, குமிழ் வைத்த சின்னச் செப்புகளையும் துணி உருண்டைகளையும் வைத்துக்கொண்டு, மேஜையும் கோட்டுப் பையும் இல்லாமல் செய்தார்கள். சென்னைப் பக்கத்திலிருந்து போன ராமோ சாமி என்ற வித்தைக்காரர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பெரிய பெயர் வாங்கினார், அமெரிக்கா வரை போனார், 1850இல் லண்டனிலேயே இறந்தார். பார்த்தவர்கள் எழுதி வைத்தது இருக்கிறது, அவர் விரல் எப்படி மடங்கியது என்பது போய்விட்டது. அப்போது அசைவைப் பிடிக்கிற கேமரா இல்லை. இப்போது ஆளுக்கொரு கேமரா இருந்தும் அதே கதை நடக்கிறது. கூடையிலிருந்து மாஞ்செடி முளைக்கவைக்கிற வித்தையை உலகமே இந்திய வித்தை என்று எழுதுகிறது, மாம்பழத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் அதைச் செய்து காட்டச் சொன்னால் யாரைக் கூப்பிடுவது?

அதனால் தமிழில் ஒரு வீடியோ இதழ் வேண்டும், நம் பகுதியிலிருந்தே தொடங்கலாம். இரண்டு போன் போதும். ஒன்று எதிரே, குந்தியிருக்கிறவரின் நெஞ்சு உயரத்தில். இன்னொன்று தோளுக்குப் பின்னால், சற்று மேலே. பேச்சைத் தனியாக மைக்கில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வித்தை காட்டுகிறவர் ஒரே மூச்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார். எந்த இடத்தில் மொழி மாறுகிறதோ அங்கேதான் கையும் வேலை செய்யும், பேச்சை விட்டுவிட்டால் வித்தையே இல்லை.

இது அவருக்குச் சோறு போடுகிற தொழில். ஆகவே எடுத்ததைப் பொதுவில் போடக் கூடாது, தொழில் செய்கிறவர்களுக்குள் மட்டும் சந்தாவாகப் போக வேண்டும், எடுக்கிற அன்றைக்கே அவர் கையில் பணம் கொடுக்க வேண்டும், யாருக்குக் காட்டலாம் என்பதை அவரே சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் வைத்துவிட்டு வித்தையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். முதல் இதழில் ஒரே ஒரு செப்படி வித்தை இருந்தால் போதும். மீதி நேரம் முழுக்க அவர் பேசட்டும், யாரிடம் கற்றார், எந்தச் சந்தையில் கூட்டம் நின்றது, எங்கே நிற்கவில்லை என்று. தொழில் செய்கிற நண்பர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள், சேர்ந்து செய்வோம். வணக்கம்.