துவைக்காத போர்வை

நேயர்களுக்கு வணக்கம்.

என் மனைவிக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது எங்கள் மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை. அவர் புது அலுவலகத்தில் சேர வேண்டும். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். ஆகவே இன்று பேசுவது மாற்றல் வாங்கியவர் அல்ல, மூட்டை முடிச்சோடு கூடப் போனவர்.

பெட்டி கட்டும் வேலையை நான்தான் எடுத்துக்கொண்டேன். புது வீட்டுக்கு எதையும் அழுக்காகக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு வீம்பு. கிளம்புவதற்கு முதல் நாள், வீட்டிலிருந்த துணி அத்தனையையும் துவைத்தேன். மகன் எங்கே போனாலும் தரையில் இழுத்துக்கொண்டே போகும் ஒரு மஞ்சள் போர்வை இருந்தது. ஓரத்தில் நூல் பிரிந்து, அவன் வாயில் வைத்துச் சப்பிய மூலை மட்டும் விறைத்துப்போய், நடுவில் என்னவென்றே தெரியாத ஒரு கறை. அதையும் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து மடித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

புது வீட்டில் முதல் இரவு. போர்வையைக் கொடுத்தேன். முகத்தருகே கொண்டுபோனான், முகர்ந்தான், தூர எறிந்தான். பிறகு அழ ஆரம்பித்தவன் பின்னிரவு வரை நிறுத்தவில்லை. ஊர் மாறியது, வீடு மாறியது, சன்னல் இருந்த பக்கம் மாறியது. மாறாமல் வந்திருக்க வேண்டிய ஒரே பொருளையும் நான் மாற்றிவிட்டேன்.

டொனால்டு வினிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் இதைப் பற்றி 1951-இலேயே ஓர் உரை வாசித்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குழந்தை விடாமல் பற்றிக்கொள்ளும் போர்வையோ பொம்மையோ நாறினாலும் தாய் அதைத் துவைக்கத் தயங்குகிறாள், துவைத்தால் குழந்தைக்கு ஒரு தொடர்ச்சி அறுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும் என்கிறார். தாய்க்குத் தெரிந்தது தகப்பனுக்குத் தெரியவில்லை. என் மனைவி அன்று அலுவலகத்தில் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

1967-இல் ஹோம்ஸ், ராஹி என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. வீடு மாறுவதற்கு வெறும் 20. அட, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் வீடு தனியாக மாறுவதில்லை. வாழும் சூழல் மாறுவதற்கு 25, வேறு வகை வேலைக்குப் போவதற்கு 36, பழகும் வட்டம் மாறுவதற்கு 18, தூக்கப் பழக்கம் மாறுவதற்கு 16. எனக்கே கூட்டிப் பார்த்தேன்: 115. இது பெரியவர்களுக்குப் போட்ட கணக்கு. ஒன்றரை வயதுக்காரனைக் கேட்டு யாரும் மதிப்பெண் போடவில்லை.

அதனால், ஊர் மாறுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன். மாற்றாமல் விடக்கூடியது எதுவோ அதை மாற்றாதீர்கள். புது வீட்டுக்குப் போகிறோமே என்று அதே வாரத்தில் குழந்தைக்குப் புதுக் கட்டில் வாங்குவது, தனி அறையில் படுக்கப் பழக்குவது, பால்புட்டியை நிறுத்துவது எல்லாம் சில மாதம் காத்திருக்கட்டும். லாரியில் கடைசியில் ஏறும் சாமான்தான் முதலில் இறங்கும். குழந்தைகளின் படுக்கை கடைசியாக ஏறட்டும். தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். எங்கள் லாரி இரண்டு நாள் தாமதமாக வந்தது. மகனுக்கு அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. மருத்துவர் கேட்ட அட்டையோ அந்த லாரிக்குள், எந்தப் பெட்டியில் என்று எழுதாத ஒரு பெட்டியில்.

இன்னொன்று. வீடு பார்க்கப் போகும்போது ஒருமுறை முழங்காலிட்டுப் பாருங்கள். நின்றபடி பார்த்தபோது அழகாகத் தெரிந்த பால்கனியில், முழங்காலிட்டதும் கம்பிகளுக்கு நடுவே இருந்த சந்துதான் எனக்குத் தெரிந்தது. பல நாடுகளின் கட்டட விதிகளில் அந்த இடைவெளி ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. நான் அளந்தது 13. வலை கட்டிய பிறகுதான் அந்தக் கதவைத் திறந்தோம்.

மகளின் கதை வேறு. படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்தியவள் மறுபடி நனைத்தாள். புது ஊரின் மொழி தெரியாததால் பள்ளியில் வாயே திறக்கவில்லை. புது மொழிக்குள் போடப்படும் பல குழந்தைகள் இப்படிச் சில காலம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள் என்றார் ஆசிரியை. ஒன்பதாம் நாள் என்னிடம், "அப்பா, நம்ம வீட்டுக்கு எப்போது போவோம்?" என்று கேட்டாள். "இதுதான் நம் வீடு" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அம்மா அந்தத் தவறைச் செய்யவில்லை. "அந்த வீட்டில் என்னென்ன இருந்தது, சொல்லு" என்று மடியில் உட்காரவைத்துக் கேட்டார். கேட்டின் தாழ்ப்பாள் கிறீச்சிடும், மூன்றாம் படியில் ஒரு விரிசல், குளியலறைச் சுவரில் நாய் மாதிரி ஒரு ஈரக்கறை என்று சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பக்கம் நிறைந்ததும் அதை அலமாரியில் ஒட்டச் சொன்னாள். அன்றும் படுக்கை நனைந்தது. ஆனால் அந்தக் கேள்வி அதற்குப் பிறகு வரவில்லை.

இது நடந்து ஐந்து ஆண்டு ஆகிறது. மூன்று வயதுக்கு முந்தைய சம்பவங்கள் பொதுவாக யார் நினைவிலும் தங்குவதில்லை. மகனுக்கும் பழைய வீடு நினைவிருக்க வழியில்லை. ஆனாலும் போன வாரம் அக்காவோடு பெரிய சண்டை போட்டான். அந்தத் தாழ்ப்பாளை எப்போதும் அவன்தான் திறப்பானாம். அது அன்று என் மார்பு உயரத்தில் இருந்தது.