லூகா டோன்சிச்: புகழைத் தந்தது ஆடுகளமே!

நடுவர் அவர்களே, வணக்கம். கூடைப்பந்து வீரர் லூகா டோன்சிச்சுக்குப் புகழைத் தந்தது ஆடுகளமா, இணையமா என்பதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் போகிற போக்கில், "லூகா டோன்சிச் ரீல்ஸ் வளர்த்த பிள்ளை" என்று சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறார். ஐயா, ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் பிறந்தவர், 13 வயதில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போய், 16 வயதில் முதல் அணியில் இறங்கியவர். 2018இல், 19 வயதில், ஐரோப்பிய கிளப்புகளின் யூரோலீக் கோப்பையும் அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கியவர். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.

எதிரணியின் பெரிய ஆயுதம் ஓட்டுக் கணக்கு. என்பிஏவின் நட்சத்திரங்கள் மோதும் 2019 ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு லூகாவுக்கு 42 லட்சத்துக்கும் மேல் ஓட்டு. ஸ்லோவேனியாவின் மக்கள்தொகையே ஏறக்குறைய 21 லட்சம்! தினம் ஒரு ஓட்டுப் போடலாம் என்பது விதி, போட்டார்கள். ஆனால் நடந்தது என்ன? இடம் கிடைக்கவில்லை! தொடக்க ஐவரைத் தேர்வு செய்வதில் ரசிகர்களுக்குப் பாதிப் பங்கு. வீரர்களுக்குக் கால், ஊடகத்துக்குக் கால். மேற்குப் பிரிவின் முன்வரிசை ஆட்டக்காரர்களில் ரசிகர்கள் இரண்டாமிடம் கொடுத்தும், வீரர்களும் ஊடகத்தினரும் கீழே தள்ளினார்கள். அது அவருடைய முதல் சீசன், ஆட்டத்துக்குச் சராசரி 21.2 புள்ளி. அடுத்த சீசனில் 28.8 புள்ளி, 9.4 ரீபவுண்ட் (தவறிய எறிதலைப் பிடிப்பது), 8.8 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கக் கொடுக்கும் பந்து). 2020 ஆல்ஸ்டாரில் தொடக்க ஐவரில் ஒருவர். இணைய ஆதரவு இரண்டு வருடமும் இருந்தது நடுவர் அவர்களே, மாறியது ஆட்டம்.

ரீல்ஸில் என்ன வருகிறது? ஸ்டெப்பேக். வளையத்தை நோக்கிப் பாய்வதுபோல் தோளைக் கொடுப்பார். தடுப்பவரின் எடை குதிகாலுக்குப் போன நொடியில் காலை ஊன்றிப் பின்னால் துள்ளுவார், பெரும்பாலும் இடப்பக்கமாக. அங்கிருந்து எறிவார். நடுவில் மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 7.24 மீட்டர் தூரம். கால் களைத்த இரவில் உந்துதல் போதாமல் பந்து வளையத்தின் முன்விளிம்பில் முட்டும். அதை யார் ரீல்ஸ் போடுகிறார்கள்?

அதற்கு முந்தைய வேலையும் ரீல்ஸில் வராது. அணியின் உயரமான ஆட்டக்காரரான சென்டர் ஸ்கிரீன் போடுவார், அதாவது தடுப்பவரின் வழியில் சுவர்போல் நிற்பார்; லூகா அதைச் சுற்றி வந்ததும் வேகத்தைக் குறைப்பார், கூட்ட மாட்டார். துரத்தி வந்தவர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார். எதிரே ஒரே ஒரு நெட்டையர். அவர் ஏறி வந்தால் தலைக்கு மேல் லாப், அதாவது கூட்டாளிக்கு உயரத் தூக்கிக் கொடுக்கும் பந்து; பின்வாங்கினால் ஃப்ளோட்டர், அதாவது மெதுவாக உயர எறியும் பந்து; மூலையைக் காப்பவர் உதவிக்கு ஓடி வந்தால் பந்து அந்த மூலைக்கே போகும். 2024 ஜனவரியில் அட்லாண்டா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி. இது எந்த ஃபில்டரில் வரும், ஐயா?

உடல்தகுதி, தடுப்பாட்டம் பற்றி எதிரணி கேட்கும். நியாயமான குறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறையையும் களத்தில்தானே கண்டுபிடித்தார்கள்?

2025 பிப்ரவரியில் அவரது என்பிஏ அணியான டல்லாஸ் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்தது. ரசிகர்கள் அரங்க வாசலில் சவப்பெட்டியே வைத்தார்கள். இணையம் இரவும் பகலும் கத்தியது. ஒப்பந்தம் திரும்பியதா? ஏப்ரல் 9 அன்று அதே டல்லாஸுக்கு லூகா வந்தார். வரவேற்புக் காணொளியைப் பார்த்துக் கண்கலங்கினார். பிறகு 45 புள்ளி எடுத்தார். லேக்கர்ஸ் 112-97 என்று வென்றது. அந்த 45இல் எத்தனையை இணையம் போட்டது என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் வந்து எண்ணிச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.