ஒரு சோறு பதமா?

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் துறைத்தலைவர் அவர்களே, வாழ்த்துரை என்று தொடங்கி என் உரையில் பாதியைப் பேசிவிட்ட துணை முதல்வர் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவர்களே, வணக்கம்.

சந்தை ஆய்வில் பண்புசார் முறைகள், அதாவது எண்ணிக்கையை விட்டு மக்களின் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் முறைகள், பற்றி மூன்று செய்திகள்: யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படிப் படிப்பது.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். அது ஒரே பானை, ஒரே தீ. வாங்குபவர்கள் அப்படியா? புதிதாக வாங்கியவர், வாங்கி நிறுத்தியவர், போட்டிப் பொருளுக்கு மாறியவர் எல்லாம் தனித்தனிப் பானை. தனித்தனிக் குழுவாக உட்கார வையுங்கள். குழுவுக்கு 6 முதல் 10 பேர், ஒன்றரை மணி நேரம். கலந்து உட்கார வைத்தால் விவரம் தெரிந்தவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். விளம்பரத்தைக் காட்டியதும் முதலில் தாளில் எழுத வைத்து, பிறகு பேச விடுங்கள்.

எப்படிக் கேட்பது? மேசன் ஹேர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். இன்ஸ்டன்ட் காபி ஏன் பிடிக்கவில்லை என்று நேராகக் கேட்டால் ‘சுவை சரியில்லை’ என்றார்கள். ஹேர் அதை நம்பவில்லை. இரண்டு மளிகைப் பட்டியல் எழுதினார், ஒவ்வொன்றிலும் ஏழு சாமான். இறைச்சி, ரொட்டி, கேரட், பேக்கிங் பவுடர், டப்பா பீச், உருளைக்கிழங்கு, ஆறும் அப்படியே. ஏழாவது மட்டும் ஒன்றில் நெஸ்கஃபே இன்ஸ்டன்ட், மற்றதில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூள். 50 பெண்களிடம் ஒன்று, வேறு 50 பேரிடம் மற்றது. இரண்டையும் ஒருவரிடமே காட்டியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். ‘இதை வாங்கிய பெண் எப்படிப்பட்டவள்?’ அவ்வளவுதான் கேள்வி. காபி என்ற பேச்சே இல்லை! நெஸ்கஃபே பட்டியலைப் பார்த்தவர்களில் 48 விழுக்காட்டினர் ‘சோம்பேறி’ என்றார்கள். மற்றதற்கு 4 விழுக்காடுதான். நெஸ்கஃபே வாங்கியவளை ‘நல்ல மனைவி இல்லை’ என்றவர்கள் 16 விழுக்காடு. பாவம், ஒரு டப்பா காபிக்கு!

இனி, கேட்டதை எப்படிப் படிப்பது? ஹேரின் கைக்கு அந்தப் பெண்களின் சொற்களே வந்தன. நம் கைக்கு வருவதென்ன? பேசியது ஒரு மொழி, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் எழுத்தாக்கம் ஆங்கிலம். ‘சலிச்சுப்போச்சு’, ‘திகட்டிருச்சு’, ‘வெறுத்துப்போச்சு’ மூன்றும் ‘அதிருப்தி’ என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடுகின்றன. சலித்தவரைப் புதுமை காட்டித் திரும்ப அழைக்கலாம்; வெறுத்தவர் வரமாட்டார். ஒரு சோறுதான் பதம் என்றாலும், அதை அரைத்து மாவாக்கியா கையில் கொடுப்பது?

பேசிய மொழியிலேயே, இழுப்பும் சிரிப்பும் மௌனமும் குறித்து எழுத, ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு நான்கு மணி நேரமாவது ஆகும். பலர் பேசும் குழுவென்றால் இன்னும் கூடும். அந்தக் கூலியை முதல் நாளே செலவுத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

மூன்றாவது செய்தி முடிவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். துறைத்தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆய்வேடுகளில், பெயர்களை நீக்கிய மூலமொழி எழுத்தாக்கத்தைப் பின்னிணைப்பாகக் கட்டாயமாக்குங்கள். நன்றி, வணக்கம்.