டி.ஜே. என்றால் வெறும் பாட்டு போடுபவரா? நேயர் கேள்விக்கு விளக்கம்

போன வீடியோவில் கிளப்புகளில் ஆடுவதற்கான ஹவுஸ் என்ற மின்னணு இசையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டுப் போனேன். ஒரு நேயர் விடவில்லை. "யாரோ பாடியது, யாரோ வாசித்தது. அந்த ரெக்கார்டை எடுத்து ஓட்டுகிறவர்தானே டி.ஜே.? அவரை எப்படி ஓர் இசையை உருவாக்கியவர் என்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். நம் பக்கம் டி.ஜே. என்றால் கல்யாண ரிசப்ஷனில் கேட்ட பாட்டைப் போடுகிறவர்.

ஆனால் இந்த இசையில் மட்டும் வரிசை தலைகீழ். ஓட்டும் வித்தை முதலில் வந்தது. அதற்குத் தோதான இசை பிறகுதான் வந்தது.

1970ஐ ஒட்டிய நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆடுகிற கூட்டத்துக்கோ நடுவில் நிற்கப் பிடிக்காது. பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் நடந்த சாங்க்சுவரி கிளப்பில் பிரான்சிஸ் கிராஸோ என்பவர் இரண்டு ரெக்கார்டுகளின் தாளத்தையும் ஒன்றாகப் பொருத்தி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நழுவிப் போகும் வித்தையைப் பழகினார். கூட்டத்துக்கு ஒரு பாட்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கும்; இவர் காதில் ஹெட்போனில் அடுத்த பாட்டு. இரண்டு தாளமும் விலகினால் குதிரை ஓடுவது போலத் தடதடவென்று கேட்கும். அது ஒன்றாகும் வரை தட்டின் ஓரத்தை விரலால் லேசாகத் தள்ள வேண்டும், அல்லது தடுக்க வேண்டும். அந்தக் காலத்து டிரம்மர் மனிதர்தானே, பாட்டின் நடுவிலேயே வேகம் கூடும், குறையும். டி.ஜே. விரலை எடுக்கவே முடியாது.

1979இல் டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்ற ரெக்கார்டு பிளேயரின் இரண்டாவது மாடல் வந்தபோது இந்த வேலை கொஞ்சம் சுலபமானது. அதில் நீளமான ஒரு பிட்ச் ஸ்லைடர் உண்டு. வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். நிமிடத்துக்கு 120 தாளம் உள்ள பாட்டை ஏறக்குறைய 110லிருந்து 130 வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று அர்த்தம்.

சரி, இது வரைக்கும் ஓட்டும் திறமைதான். புது இசை எங்கே என்று கேட்பீர்கள். அதற்கு சிகாகோ போக வேண்டும்.

1977இல் அங்கே வேர்ஹவுஸ் என்றொரு கிளப் தொடங்கியது. பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் ஓரினச் சேர்க்கை இளைஞர்கள் வந்த இடம். அங்கே ஓட்டுவதற்கு நியூயார்க்கிலிருந்து வந்தவர் பிராங்கி நக்கிள்ஸ். அவர் ஓட்டியது பெரும்பாலும் டிஸ்கோ, அந்தக் காலத்து நடன இசை. இரண்டு வருடம் கழித்து, 1979 ஜூலை 12 அன்று, அதே ஊர் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு கூத்து நடந்தது. டிஸ்கோ ரெக்கார்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்டுக்கு டிக்கெட். சேர்ந்த ரெக்கார்டுகளை இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. வேடிக்கை என்று சொல்லி நடத்தினார்கள். ஆனால் அந்தப் பாட்டுகளை யார் பாடினார்கள், யார் ஆடினார்கள் என்று பார்த்தால் எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

அப்புறம் பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. நக்கிள்ஸுக்குப் புது ரெக்கார்டு வரத்து குறைந்தது, கூட்டமோ குறையவில்லை. என்ன செய்வார்? கையில் இருந்த பாட்டுகளையே டேப்பில் ஏற்றி, வெட்டி ஒட்டி நீட்டினார். ஆட்டம் சூடு பிடிக்கிற இடம் பத்து நொடிதான் என்றால் அதையே திரும்பத் திரும்ப வர வைத்தார். பிறகு அடியில் ஓர் எலெக்ட்ரானிக் தாளத்தையும் சேர்த்தார். ரோலண்ட் 909 தாள இயந்திரத்தை டெட்ராய்ட்டைச் சேர்ந்த இசைக்கலைஞர் டெரிக் மே அவருக்கு விற்ற கதை பிரசித்தம். கிளப்பின் பெயரில் பாதிதான் ஹவுஸ் என்று அந்த இசைக்குப் பெயராகத் தங்கியது.

இதைக் கேட்டு வளர்ந்த பையன்கள் அடுத்த அடி எடுத்து வைத்தார்கள். கிட்டார் வாசிப்பவர் தனியாகப் பயிற்சி செய்ய, பேஸ் கிட்டாருக்குப் பதிலாக ரோலண்ட் கம்பெனி 303 என்றொரு பெட்டி விற்றது. பேஸ் கிட்டார் மாதிரி கொஞ்சமும் கேட்காது. அதிகம் விற்கவில்லை, 1984இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த அதை வாங்கி, ஓடும்போதே குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள் ஃபியூச்சர் என்ற குழுவினர். கீச்சென்று வளைந்து நெளிகிற ஒரு சத்தம் வந்தது. அந்த டேப்பை சிகாகோவின் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டி.ஜே. ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல் தடவை போட்டபோது ஆடுகளம் காலி. ஹார்டி விடவில்லை; அதே இரவில் நான்கு முறை போட்டார். நான்காவது முறை கூட்டம் வெறி பிடித்து ஆடியதாகக் குழுவிலிருந்த டி.ஜே. பியர் சொல்லியிருக்கிறார். 1987இல் ரெக்கார்டாக வெளியான அதிலிருந்துதான் ஆசிட் ஹவுஸ் என்ற கிளை கிளம்பியது. அடுத்த வருடமே மான்செஸ்டரும் லண்டனும் அதற்கு ஆடிக்கொண்டிருந்தன.

இங்கே ஹார்டி செய்ததைப் பாருங்கள். அவர் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஆனால் காலியான களத்தைப் பார்த்து வேறு டேப்பை மாற்றியிருந்தால்?

இன்னொரு அத்தாட்சியை நீங்களே கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கால ஹவுஸ் ரெக்கார்டு ஏதாவது ஒன்றைப் போடுங்கள். பெரும்பாலும் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் வெறும் தாளம்தான் இருக்கும், முடிவிலும் அப்படியே. வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது அலுப்பு. முந்தின பாட்டோடு இதைக் கோக்கவும், இதிலிருந்து அடுத்ததற்குப் போகவும் டி.ஜே.க்கு விட்ட இடம் அது.